நாலாம் நம்பர் மேற்கோள்

அறிமுகமாம் அறிமுகம். அறுபத்தெட்டு வயசுல என்னை நானே அறிமுகம் பண்ணிக்கணுமாம். யார்கிட்ட? மூஞ்சி தெரியாத, ஊர் தெரியாத, நிலவன்னு பேர் வச்சிக்கிட்டிருக்கிற ஒருத்தன்கிட்ட. இந்த ஊர்ல பஸ் ஸ்டாண்டுல இறங்கி ஏகாம்பரம் வீடு எதுன்னு கேட்டா டீக்கடைக்காரன் கூடவே வந்து வாசல்ல விட்டுட்டுப் போவான். நிருபர் ஏகாம்பரம் வந்திருக்கார்னா தாசில்தார் எழுந்து நின்ன காலம் ஒண்ணு இருந்தது. சரி, எழுந்து நிக்கல, நாற்காலியை நகத்திப் போட்டார், அது போதாதா. இப்ப இந்த லேப்டாப்புல ஒரு வெள்ளைக் கட்டம், அதுக்கு மேல ‘புதிய பயனரே, உங்களைப் பற்றிச் சில வரிகள்’னு ஒரு தலைப்பு, கட்டத்துக்குள்ள கோடு ஒண்ணு நின்னு நின்னு மினுக்குது. என்ன சில வரிகள்? இருபத்தெட்டு வருஷம் இந்தத் தாலுகாவுல எவன் செத்தான், எவன் ஜெயிச்சான், எந்தக் கோயில் உண்டியலை எவன் உடைச்சான்னு வரி வரியா எழுதினவன் நான். எனக்குச் சில வரிகள் சொல்லிக் குடுக்குறான். இணையக் கலைக்களஞ்சியம்னு பேரு, யார் வேணும்னாலும் எழுதலாம், யார் வேணும்னாலும் திருத்தலாம்னு வாசல்லயே எழுதிப் போட்டிருக்கானுங்க, உள்ள கால வச்சா நீ யாரு எங்க வந்தேங்கிறானுங்க. மூணு தடவை ஒரே ஒரு வரியை எடுத்தேன். மூணு தடவையும் அரைமணி நேரத்துல அதே வரி அதே இடத்துல வந்து குந்திக்கிச்சு. மூணாவது தடவை, உங்களுக்கெல்லாம் அறிவிருக்காடான்னு எழுதிட்டேன். அதுக்கு இந்த நிலவன் கோவப்படவே இல்லை, அதுதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது. ‘ஐயா, தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. சான்றுள்ள வரியை நீக்க வேண்டாம். முதலில் தங்களை அறிமுகம் செய்துகொள்ளுங்கள். இந்தத் தலைப்போடு தங்களுக்குத் தொடர்பு ஏதேனும் இருந்தால் அதையும் அறிமுகத்திலேயே தெரிவிப்பது இங்கே வழக்கம்’ அப்படின்னு தேன் தடவி எழுதறான். தொடர்பு ஏதேனும். ஏதேனுமாம். மணி பதினொண்ணரை. ஒண்ணரை மணிக்குக் கோமளா வருவா, அதுக்குள்ள இதை முடிச்சாகணும்.

கோமளா போன வியாழக்கிழமைதான் வந்தா. கருங்காலிப்பட்டு ஸ்கூல்ல சத்துணவு அமைப்பாளர், நாப்பத்தஞ்சு வயசிருக்கும், செருப்பைத் தெருவுலயே விட்டுட்டு வாசப்படிக்கு அந்தப் பக்கமே நின்னுக்கிட்டு, சார் நீங்க பத்திரிகைக்காரர், உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும்னா. வருஷா வருஷம் ஏரி உடைஞ்ச தேதியில ஸ்கூல்ல செத்துப் போன ஏழு பேருக்கு மெழுகுவர்த்தி ஏத்துவாங்களாம். இந்த வருஷம் புதுசா வந்த ஹெட்மாஸ்டர், ஏரியோட வரலாறு பிள்ளைங்களுக்குத் தெரியட்டுமேன்னு கலைக்களஞ்சியத்துலேர்ந்து அச்செடுத்து எட்டாங்கிளாஸ் பொண்ணு ஒண்ணுகிட்ட குடுத்து மைக்குல வாசிக்க விட்டிருக்கார். இவ அடுப்படியில முட்டை உரிச்சிக்கிட்டு இருந்திருக்கா. அந்தப் பொண்ணு நல்லா கணீர்னு நிறுத்தி நிறுத்தி வாசிச்சுதாம், ‘மதகுக் காவலர் துலுக்காணம் மது அருந்திவிட்டு உறங்கியதால் மதகுகள் திறக்கப்படவில்லை. ஏரி உடைந்து ஏழு பேர் உயிரிழந்தனர்.’ துலுக்காணம் இவளோட அப்பா. இருநூத்திப் பத்து பிள்ளைங்க, எல்லாம் இவ கையால தினம் சோறு வாங்கித் தின்னுதுங்க, அத்தனையும் திரும்பி அடுப்படியைப் பாத்துச்சாம். அன்னிக்கு ரெண்டு பிள்ளைங்க முட்டை வேணாம்னுடுச்சாம். அதைச் சொல்றப்ப மட்டும்தான் அவ குரல் உள்ள போச்சு, மத்ததெல்லாம் சாதாரணமாத்தான் சொன்னா. ‘எங்கப்பா குடிக்கவே மாட்டார் சார். யார் இப்படி எழுதினாங்கன்னு கண்டுபிடிச்சு, இதை எடுத்துக் குடுங்க சார்.’ எனக்கு அப்படியே ஏறிச்சு. எந்த நாய் எழுதினான்னு பாக்குறேம்மா, நீ போ, நான் பாத்துக்கிறேன்னேன். நெஞ்சைத் தட்டிச் சொன்னேன். லோகநாயகி உள்ளேர்ந்து எட்டிப் பாத்தா. கட்டினவ, நாப்பது வருஷம் கூட இருக்கிறவ, ஒண்ணும் சொல்லாம உள்ள போயிட்டா. அவ ஒண்ணும் சொல்லாம போறது இருக்கே, அதுக்குப் பதிலா எனக்கு ரெண்டு அறை விட்டிருக்கலாம்.

எழுதுறேன். ‘வணக்கம். என் பெயர் ஏகாம்பரம். ஓய்வுபெற்ற’ ஓய்வுபெற்ற என்ன? பகுதிநேர நிருபருக்கு ஏது ஓய்வு, ஏது பென்ஷன், ஒரு நாள் போன் பண்ணி இனிமே நீங்க செய்தி அனுப்ப வேணாம் சார், புதுசா ஆள் போட்டுட்டோம்னான், அவ்வளவுதான், ஒரு மாலை இல்லை, சால்வை இல்லை. அழி. ‘நான் ஒரு தமிழ் ஆர்வலன்.’ தூ. எவனும் எதுவும் இல்லாதப்ப போட்டுக்கிற பட்டம். அழி. ‘கருங்காலிப்பட்டு ஏரி உடைப்பு பற்றி நேரில் அறிந்தவன்.’ நேரில்? ஏகாம்பரம், நேரில்னு எழுதறியே, உனக்கு வெக்கமா இல்ல? அழி. அழிக்கிறதுக்கு மட்டும் இந்தச் சனியன் கட்டம் எவ்வளவு சுகமா விடுது, அந்த ஒரு வரியை அழிக்கத்தான் விடமாட்டேங்குது. ஏன்னா அதுக்குச் சான்று இருக்காம். வரி முடியுற இடத்துல சின்னதா ஒரு நாலு, அதைத் தொட்டா கீழ போய் நிக்குது, பத்திரிகை பேரு, தேதி, பக்கம் மூணு, எந்தப் புண்ணியவான் நூலகத்துலேர்ந்து படமெடுத்துப் போட்டானோ, மங்கலா அந்தப் பத்தியும் இருக்கு. தலைப்புக்குக் கீழ எழுதினவன் பேரு இருக்க வேண்டிய இடத்துல ‘நமது நிருபர்’. எங்க பத்திரிகையில அப்படித்தான், ஊருக்கு ஊர் ஆள் இருந்தாலும் பேர் போடமாட்டாங்க, எல்லாரும் நமது நிருபர்தான். முதல் பக்கத்துல வந்தாலும் நமது நிருபர், செருப்படி வாங்கினாலும் நமது நிருபர். பேர் போடலையேன்னு எத்தனை வருஷம் புலம்பியிருக்கேன். ஒரே ஒரு தடவை, அந்தக் கார்த்திகை மாசத்துல மட்டும், நல்ல வேளை போடலைன்னு நினைச்சேன். நிலவன் தம்பி, நல்லாக் கேட்டுக்க, உன் நாலாம் நம்பர் மேற்கோள் நான்தாண்டா. நீ கும்பிடற சான்று இங்க பனியனோட உக்காந்திருக்கு.

தொண்ணூத்தி ஆறு. ரெண்டு நாள் விடாத மழை, சாயங்காலம் ஆறே கால், எஸ்.டி.டி. பூத்துக்குள்ள நான் நிக்கிறேன், கண்ணாடியெல்லாம் ஆவி. அன்னிக்குக் காலையில ஏரி உடைஞ்சு கரைக்குக் கீழ இருந்த காலனியை அடிச்சிட்டுப் போயிடுச்சு. கருங்காலிப்பட்டுக்கு ஏழு கிலோமீட்டர். ரோடு துண்டிச்சிருக்குன்னாங்க. துண்டிச்சிருந்தது உண்மைதான், ஆனா டிராக்டர் போச்சு, பால்காரன் போய்ட்டு வந்தான், நான் போகலை. என்னோட டி.வி.எஸ். ஃபிஃப்டி நனைஞ்சா ஸ்டார்ட் ஆகாது, அது ஒரு காரணம். ஆறு நாப்பது பஸ்ஸை விட்டா செய்தி மறுநாள் பதிப்புல வராது, அது இன்னொரு காரணம். அப்பல்லாம் செய்திக் கவரை ஒட்டி, மேல அவசரம்னு சிவப்புல எழுதி, பஸ் கண்டக்டர் கையில குடுத்துடணும், அங்க ஆபீஸ் பையன் ஸ்டாண்டுல வந்து வாங்கிப்பான். மூணாவது, போட்டிப் பத்திரிகைக்காரன் மத்தியானமே கவர் குடுத்துட்டான்னு கேள்விப்பட்டேன், வயித்தெரிச்சல். பொதுப்பணித்துறை ஏ.இ.க்கு, அதான் உதவிப் பொறியாளருக்கு, போன் போட்டேன். அவன் எடுத்த எடுப்புல, நான் ஒண்ணும் கேக்குறதுக்கு முன்னாடியே, லஸ்கர் தண்ணியப் போட்டுட்டுப் படுத்துட்டான் சார், மதகைத் தொறக்கவே இல்லைன்னான். லஸ்கர்னா ஏரிக்குக் காவல் இருந்து மதகைத் திறந்து மூடுற ஆள். பேர் என்னன்னேன். துலுக்காணம்னான். எங்கப்பன் குதிருக்குள்ள இல்லங்கிற கதையா, கேக்காததுக்கு ஒருத்தன் பதில் சொன்னா அவனைத்தான் முதல்ல சந்தேகப்படணும், இது அரிச்சுவடி, புதுப் பசங்களுக்கு நானே சொல்லிக் குடுத்திருக்கேன். அன்னிக்கு அந்தப் புத்தி எங்க மேயப் போச்சு? பூத்துச் சுவத்துல பேப்பரை வச்சு மடமடன்னு எழுதி, ஒட்டி, ஓடிப் போய் பஸ் நகர நகர கண்டக்டர் கையில திணிச்சேன். மறுநாள் மூணாம் பக்கம், நாலு பத்தி அகலத்துக்குத் தலைப்பு. எடிட்டர் போன் பண்ணி, சபாஷ் ஏகாம்பரம், நம்மகிட்டதான் ஆள் பேரோட வந்திருக்குன்னார். சந்தோஷப்பட்டேன். மறைக்கிறதுக்கு என்ன இருக்கு, அன்னிக்கு ராத்திரி ரெண்டு தோசை கூடப் போட்டுத் தின்னேன்.

உண்மை என்னன்னு நாலு நாள்ல என் காதுக்கு வந்துடுச்சு. மூணு மதகு, ரெண்டை அந்த மனுசன் தனியா மழையில திறந்திருக்கார். மூணாவதுல ஷட்டரைத் தூக்குற ராடு முறுக்கிக்கிச்சு. அந்த ராடை மாத்துங்கன்னு ஆறு மாசமா ஏ.இ. ஆபீஸ்ல நடையா நடந்திருக்கார். இது தெரிஞ்சும் நான் எழுதலை. ஏன்னா எழுதினா முதல்ல எழுதினது பொய்ன்னு ஆகும், ஏ.இ. அப்புறம் செய்தி குடுக்க மாட்டான், ஆபீஸ்ல கேள்வி வரும். எனக்கு நானே ஒரு சமாதானம் வச்சிருந்தேன், இருபத்தெட்டு வருஷமா அதைத் தேச்சுத் தேச்சுப் பளபளன்னு வச்சிருந்தேன். நான் ‘குடிபோதையில் இருந்ததாகக் கூறப்படுகிறது’ன்னுதான் எழுதி அனுப்பினேன், டெஸ்க்ல இருந்த உதவி ஆசிரியன் இடம் பத்தலைன்னு அந்தக் ‘கூறப்படுகிறது’வை வெட்டிட்டான். லோகாகிட்ட அப்படித்தான் சொல்லியிருக்கேன். பிரஸ் கிளப்புல ரெண்டு தடவை சொல்லியிருக்கேன். சொல்லும்போது கோவம் நிஜமாவே வரும், அந்த உதவி ஆசிரியனை நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேக்கணும்னு வரும். அவன் பேரு கூட எனக்குத் தெரியாது. நேத்து பரண்ல ஏறினேன். எவ்வளவு அவசரமானாலும் அடியில கார்பன் வைக்காம நான் எழுதமாட்டேன், அது என் வழக்கம், அந்தப் பூத்துலயும் வச்சிருந்தேன். இந்தா, பக்கத்துலயே கிடக்கு, ஊதா நிறம் போய்த் தவிட்டு நிறமா, என் கையெழுத்து. ‘லஸ்கர் துலுக்காணம் மது அருந்திவிட்டு உறங்கியதால்.’ கூறப்படுகிறது இல்லை. எவனும் எதையும் வெட்டலை. ஒரு எழுத்து மாறாம அப்படியே போட்டிருக்கான் அந்த உதவி ஆசிரியன். பரண்லேர்ந்து இறங்கும்போது லோகா ஏணியைப் பிடிச்சிக்கிட்டு நின்னா, கிடைச்சுதான்னு மட்டும் கேட்டா. இல்லைன்னேன். கையில பேப்பரை வச்சிக்கிட்டே இல்லைன்னேன்.

சரி, எழுது. எழுதித் தொலை. ‘வணக்கம். நான் ஏகாம்பரம். இந்தக் கட்டுரையின் நான்காவது மேற்கோளாக உள்ள செய்தியை எழுதிய நிருபர் நான்தான். துலுக்காணம் குடித்திருந்தார் என்பதை நான் நேரில் பார்க்கவில்லை. ஓர் அதிகாரி தொலைபேசியில் சொன்னதை எழுதினேன். நான் “கூறப்படுகிறது” என்று எழுதியிருந்தும் அச்சில்’ பாரு, கை தானாப் போகுது பாரு. கார்பன் காப்பி கண்ணு முன்னாடி கிடக்கு, அப்பவும் போகுது. த்தூ, ஏகாம்பரம். அழி. ‘எழுதியிருந்தும்’லேர்ந்து அழி. கிழவனுக்குப் பொய் சொல்ல இன்னும் எவ்வளவு தெம்பு. ‘அது தவறு. விசாரிக்காமல் எழுதினேன். அவர் இரண்டு மதகுகளைத் திறந்தார். மூன்றாவதின் ராடு பழுதாகியிருந்தது. என் கைப்பிரதியைப் படமெடுத்து இணைக்கிறேன்.’ இதுல ஒரு எழவும் விட்டுப் போகலை. போட வேண்டியதுதான். கீழ ‘வெளியிடு’ன்னு நீலமா ஒரு பொத்தான், அதுல போய் அந்த அம்பு நிக்குது, விரல் அமுக்க மாட்டேங்குது. அமுக்கினா டீக்கடைக்காரன் பாப்பான், அவன் மக எல்லாத்தையும் போன்ல வாசிச்சுக் காட்டுவா. பிரஸ் கிளப்புல இருக்கிற பொடிப்பசங்க வாட்ஸப்புல போடுவானுங்க. கோமளா பாப்பா. எந்த நாய் எழுதினான்னு பாக்குறேன்னு சொன்னேனே, பாக்கட்டும், இந்த நாய்தான். இல்லை, இன்னொண்ணு இருக்கு. அதை நான் நினைக்கல. எழுத வேண்டிய அவசியம் இல்லை, அதுக்கும் ஏரிக்கும் சம்பந்தம் இல்லை, அது ரெண்டு பேருக்கு நடுவுல நடந்தது, ஒருத்தர் செத்தாச்சு. நினைக்கலைன்னு சொன்னா விடுதா? ஏரி உடைஞ்சு பத்தாம் நாள். ஏஜெண்ட் கடை வாசல்ல, காலையில பேப்பர் கட்டு பிரிச்சிக்கிட்டு இருக்கோம், கறுப்பு வேட்டி, கறுப்புத் துண்டு, கழுத்துல மாலை, நெத்தியில சந்தனம், வெறுங்காலோட ஒரு ஆள். கார்த்திகை ஒண்ணாந்தேதியே சபரிமலைக்கு மாலை போட்ட ஆள். மாலை போட்டவன் டீ கூட வெளிக்கடையில குடிக்கமாட்டான், அவனைப் போய்க் குடிச்சான்னு எழுதியிருக்கேன். ஊர்ல எந்தக் குழந்தையைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கும், ஏழு கிலோமீட்டர் போயிருந்தா என் கண்ணே சொல்லியிருக்கும். ரெண்டு உள்ளங்கையிலயும் துணி சுத்தியிருந்தது. அந்தக் கையால ஒரு மனு எழுதிக் கொண்டு வந்திருந்தார், மறுப்புச் செய்தி போடுங்கய்யான்னு. என்னைச் சஸ்பெண்ட் பண்ணினது கூடப் பெரிசில்லைங்க, செத்தவங்க வீட்டுக்குத் துக்கம் கேக்கப் போக முடியலைங்க, கதவைச் சாத்துறாங்கன்னார். நான் என்ன பண்ணினேன்? சாமின்னு கூப்பிட்டேன். மாலை போட்டவங்களைக் கூப்பிடற மாதிரி, உக்காருங்க சாமின்னு ஸ்டூலை இழுத்துப் போட்டேன். எந்தக் கடங்காரன் எழுதினானோ சாமி, ஆபீஸ்ல விசாரிச்சு அவனை ஒரு வழி பண்றேன்னேன். மேசையில குத்தினேன். ஏஜெண்ட் திரும்பிப் பாத்தான். மனுவை வாங்கிப் பையில வச்சேன், ரெண்டாம் நாள் அடுப்புல போட்டேன். விசாரணை முடியறதுக்குள்ள ரெண்டு வருஷத்துல செங்கல் சூளையில காவலுக்கு இருந்த இடத்துல அந்த மனுசன் போய்ச் சேர்ந்தார், ஆள் இறந்துவிட்டபடியால் விசாரணை கைவிடப்படுகிறதுன்னு ஒரு காகிதம் வந்துச்சாம். முடிஞ்சு போச்சு. அதை எழுத வேணாம். எழுத மாட்டேன். மத்ததை எழுதினதே பெரிசு.

‘சார்’னு குரல். மணி ஒண்ணேகால்தான் ஆகுது, அதுக்குள்ள வந்துட்டா. லோகா கதவைத் திறக்கிறா, உள்ள வாம்மாங்கிறா, இவ இன்னிக்கும் வாசப்படிகிட்டயே நிக்கிறா, புடவையில சாம்பார் வாசனை. லேப்டாப்பை மூடிடலாம். ஒரு தட்டுத் தட்டினா மூடிக்கும், இன்னிக்கு நெட் இல்லைம்மா, நாளைக்கு வான்னு சொல்லலாம், நாளைக்கு நாளைக்குன்னு இழுத்தே ஒரு வருஷம் ஓட்டலாம், எனக்கும் வயசாகிடுச்சு, யாருக்குத் தெரியப் போகுது. லோகா என்னைப் பாத்துக்கிட்டு நிக்கிறா. நான் மூடல. எழுந்திருச்சு நாற்காலியை அந்தப் பக்கம் தள்ளினேன். படிச்சுப் பாரும்மான்னேன். வந்தா. உக்காரலை, குனிஞ்சு, விரலைத் திரைமேல வச்சுக்கிட்டு, உதடு அசைய ஒவ்வொரு வரியாப் போனா. ‘எழுதிய நிருபர் நான்தான்’ங்கிற இடத்துல விரல் நின்னுச்சு. திட்டுவா, கையில இருக்கிற பையால அடிப்பா, அடிக்கட்டும், எனக்கு அது வேணும், அடிச்சா முடிஞ்சிரும். விரல் மறுபடி நகர்ந்தது. கடைசி வரைக்கும் போய், கார்பன் காப்பியையும் எடுத்துப் பாத்து, இருந்த இடத்துலயே வச்சா.

‘அப்பா உங்களைப் பாக்க வந்ததை எழுதலையே சார்’னா.

உனக்கு எப்படிம்மா தெரியும்னேன்.

‘எந்தக் கடங்காரன் எழுதினானோன்னு நீங்க திட்டினீங்கன்னு அப்பா வீட்டுக்கு வந்து சொன்னார். இந்த உலகத்துலயே எனக்காகக் கோவப்பட்டது அந்த நிருபர் ஒருத்தர்தான்னு சாகிற வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்தார். அதனாலதான் சார் உங்ககிட்ட வந்தேன்.’

லோகா முந்தானையை வாயில வச்சிக்கிட்டு உள்ள போயிட்டா. குக்கர் கத்துது, நிறுத்த ஆளில்லை. நான் கோமளாவோட மூஞ்சியைப் பாக்கலை, அவ கையைத்தான் பாத்தேன், முட்டை உரிச்சு உரிச்சு நுனியெல்லாம் வெளுத்துப் போன விரல். எனக்காகக் கோவப்பட்டவர்னு சொன்னாராம். அது கோவம் இல்லம்மா, நடிப்பும்மா, மேசையைக் குத்தினது கூடப் பயத்துலம்மான்னு இந்தப் பொண்ணுகிட்ட எப்படிச் சொல்றது. சொல்ல வேண்டியதே இல்லை, அவளுக்கு இப்ப தெரிஞ்சிருக்கு, என்னைவிட நல்லாத் தெரிஞ்சிருக்கு.

‘அதையும் போடுங்க’ன்னா.

உக்காந்தேன். கடைசி வரிக்குக் கீழ போனேன். ‘ஏரி உடைந்த பத்தாம் நாள் துலுக்காணம் என்னிடம் மறுப்பு மனு கொண்டுவந்தார்.’ அவ பின்னாடி நின்னு உதட்டுக்குள்ள வாசிக்கிறா. ‘எழுதியது யார் என்று தெரியாததுபோல் நடித்தேன். அவருடைய மனுவை எரித்துவிட்டேன்.’ எரிச்சீங்களான்னா. ஆமாம்மான்னேன். சரி, போடுங்கன்னா. ‘நான் அவருக்காகக் கோபப்பட்டதாக அவர் கடைசிவரை நம்பினார். அப்படி இல்லை.’ இதை அடிக்கும்போது ரெண்டு தடவை தப்பாகி, திருத்தி அடிச்சேன். வேற ஏதாவது உண்டாம்மான்னேன். இல்லை சார், எது அமுக்கணும்னு கேட்டா. அந்த நீலப் பொத்தானைக் காட்டினேன். அவளே அமுக்கினா.